சத்தமில்லாமல் வந்தவன்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் நேர்மையானதல்ல. இதன் கடைசிப் பகுதியை நான் திருடினேன். திருடிய இடத்தில், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டும் வந்தேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அனுஜா முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வெக்கமே இல்லையே?" என்று கேட்டாள். இருக்கிறது. வெட்கத்தைவிட ஆசை கூடுதலாக இருப்பவர்கள்தான் கதை எழுத வருகிறார்கள். (இந்த வரியை வெட்டச் சொன்னாள். வெட்டவில்லை.)

நடந்தது இதுதான். நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் போன ஆவணியில் எரிந்தது. திருத்த வந்தவன் றஜிந்தன். இருபத்தெட்டு வயது. சந்தியில், எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் கடையில் வேலை. வீடு பருத்தித்துறைக் கரையில். கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். அவன் ஏறிவந்த வண்டியைப் பார்த்ததும், ஆகா, ஒரு பகிடிக் கதைக்கு ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன். அன்றிரவே மூன்று தொடக்கம் எழுதினேன்.

"வல்லை வெளியில் காற்று..." (எல்லாரும் வல்லை வெளியில் காற்றோடுதான் தொடங்குகிறார்கள். விட்டுவிட்டேன்.)

"இலக்கத்தகடில்லாத ஒரு வண்டியும் பொலிசுக்குப் பயந்த ஓர் இளைஞனும்..." (பகிடியாகவே போயிருக்க வேண்டியது. போகவில்லை.)

"கத்தரீனா திரும்பிப் பார்ப்பதில்லை." (இது நல்ல தொடக்கம். ஆனால் இதைப் பிறகுதான் எழுதினேன், முதல் இரவில் அல்ல. பாருங்கள், தொடங்கி ஒரு பக்கம் ஆகவில்லை, அதற்குள் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.)

2

வண்டியைப் பற்றி. கனடாவிலிருக்கும் அவனுடைய பெரியம்மாவின் மகன் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பியது. மின்சாரத்தில் ஓடுகிற மோட்டச்சைக்கிள். ரோட்டுக்கென்று செய்ததல்ல, சேறு, மணல், மேடு பள்ளத்துக்கென்று செய்தது. உயரமான, மெலிந்த உடம்பு. பல்லுப் பல்லான டயர். ஊரில் அதற்குக் 'கறண்ட் குதிரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தகடு இல்லாததால் பெரிய வீதியில் போக முடியாது. ஆகவே றஜிந்தன் ஒழுங்கைகளாலும் தோட்டத்து வரம்புகளாலும் வல்லை வெளியின் உவர்த் தரையாலும்தான் பருத்தித்துறையிலிருந்து வேலைக்கு வந்து போனான். கடை முதலாளி அங்கே சார்ஜ் போட விடவில்லை. எங்கள் விறாந்தையில் போடச் சொன்னேன். அப்படித்தான் நெருக்கமானோம்.

எனக்கும் ஓடப் பழக்கினான்.

"கிளச்சும் இல்லை, கியரும் இல்லை அண்ணை. கையை மட்டும் மெல்லமாத் திருப்புங்கோ. வெடுக்கெண்டு திருப்பினியளெண்டா வாழைக்குள்ளைதான் கிடப்பியள்."

வெடுக்கென்று திருப்பினேன். வாழைக்குள்தான் கிடந்தேன். ஐம்பது வயதில் ஒரு கந்தோர் எழுதுவினைஞர் வாழைக்குட்டிகளைக் கட்டிப்பிடித்துக் கிடந்ததை அனுஜா தன் தங்கைக்குத் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். விழுந்தாலும் விடவில்லை. மூன்றாம் நாள் வரம்பு ஏறி இறங்கினேன். நாலாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன்.

எங்கள் ஊரில் ஆட்கள் மற்றவர்களைப் பற்றிக் கதைப்பதை நிறுத்துவது மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால்தான். இந்த வண்டிக்குச் சத்தமில்லை. ஒழுங்கையால் போனபோது பக்கத்து வீட்டு றஜனி மதிலுக்கு உள்ளே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "றொபின் கதை எழுதிறாராம். கந்தோரிலை எழுதிற கடிதத்தையே அனுஜாதான் திருத்திக் குடுக்கிறவ." அப்படியே கேட்டேன். ஒரு சொல்லும் குறையவில்லை. நெல்லியடிச் சந்தையடியில் மீன் பையோடு குறுக்கே வந்த ஒருவர் கடைசி நேரத்தில் துள்ளி விலகி, "அட கோதாரி விழுவானே, பேய் மாதிரியெல்லே வாறாய்!" என்று ஏசினார்.

நாய்கள் குரைக்கவில்லை. கடந்து போன பிறகு குரைத்தன. அதுவும் நான் போன திசையைப் பார்த்தல்ல, வந்த திசையைப் பார்த்து.*

*றஜிந்தனிடம் கேட்டேன். "ஓம் அண்ணை, எனக்கும் அப்பிடித்தான்," என்று மட்டும் சொன்னான். அந்தக் கதையைத் தொடர அவனுக்கு விருப்பமில்லை.

3

இனிக் கத்தரீனா. றஜிந்தனின் தாய். அறுபத்தொரு வயது.

எழுதும்போது எனக்கு முழுதாக நம்பிக்கை வராத பாத்திரம் இவதான். கடலில் மகனைப் பறிகொடுத்த தாய் என்றவுடன் கை தானாகவே அழுகையை எழுதத் தொடங்கிவிடுகிறது. இவ அழுகிற ஆளில்லை. மூத்த மகன் பிரகாஸ் ஆறு வருடத்துக்கு முன்பு நண்டு வலை எடுக்கத் தனியே போய்த் திரும்பவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை வைப்போம் என்று வந்த சாமியாரிடம், "ஆள் வரட்டும் சாமி, பேந்து வையுங்கோ" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியவ. இன்றைக்கும் ரீவியில் நாடகம் பார்க்கிறா, ஆனால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு. காது வெளியில் வேலையாக இருக்க வேண்டும் அல்லவா.

அந்தக் கரையில் வீட்டில் நிற்கிறவர்கள் கடலைக் காதால்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு போட்டின் எஞ்சினுக்கும் ஒரு சத்தம். இது யாருடையது, பாரத்தோடு வருகிறதா வெறுமையாக வருகிறதா என்று குசினிக்குள் இருந்தே சொல்வார்கள். தங்கள் எஞ்சின் கேட்ட பிறகுதான் சோற்று உலையை வைப்பார்கள். பிரகாஸின் போட் இரண்டு மைலுக்கு அப்பால் மிதந்து கிடந்தது. கவிழவில்லை. வலை ஒழுங்காக ஏற்றியிருந்தது. எஞ்சினை யாரோ நிப்பாட்டி, தண்ணீருக்கு மேலே தூக்கியும் விட்டிருந்தார்கள். ஆளைத்தான் காணவில்லை. அதிலிருந்து கத்தரீனா ஒரு முடிவுக்கு வந்தா. எஞ்சினை நிப்பாட்டிவிட்டுப் போனவன் சத்தத்தோடு வரமாட்டான். வந்தால் சத்தமில்லாமல்தான் வருவான். அப்படி வருகிறவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போய்விடுவான். (இப்படி ஒரு நம்பிக்கை உண்டா என்று அந்தக் கரையில் நாலு பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இது அவவின் சொந்தச் சட்டம், அவ திரும்பாததிலிருந்து நான் ஊகித்தது.)

இதெல்லாம் றஜிந்தனுக்குத் தெரியாது. அவன் முன்பு ஓடியது ஒரு பழைய மோட்டச்சைக்கிள். அது ஊர் எல்லையில் வரும்போதே தாய்க்குக் கேட்டுவிடும். கனடாக்காரனின் வண்டி வந்தபின்னும் வழக்கமாக இருட்டியபிறகு, ஒழுங்கை முகப்பில் நின்று கூப்பிட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். ஒரு நாள் மட்டும் வேலை வெள்ளன முடிந்தது. பொழுது படுகிற நேரம் வளவுக்குள் வண்டியை அப்படியே விட்டான். தாய் பின்வாசலில் கடலைப் பார்த்தபடி நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தா. திரும்பவில்லை.

"வந்திட்டியே பிரகாஸ்?"

றஜிந்தன் காலை ஊன்றி வண்டியிலேயே நின்றான்.

"தம்பி இன்னும் வரேல்லை. அவன் வரமுந்திக் கதைச்சுப்போடவேணும். அண்டைக்கு உன்ரை முறையில்லை எண்டு எனக்குத் தெரியும் மோனை. அது அவன்ரை முறை. அவன் பந்தடிக்கப் போக, நீயெல்லே..."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. வண்டியைப் பின்னுக்கு உருட்டிக்கொண்டு போய், ஒழுங்கையில் ஏறி, வல்லை வெளியை நேரே குறுக்கறுத்து எங்கள் விறாந்தையில் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. அனுஜா கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் செம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஆறு வருடம் ஒருவருக்கும் சொல்லாததை எங்களுக்குச் சொன்னான். அண்ணனும் தம்பியும் முறை வைத்துக் கடலுக்குப் போவார்கள். அன்று றஜிந்தனின் முறை. அன்றுதான் உதைபந்தாட்ட இறுதியாட்டமும். அண்ணனிடம் கெஞ்சினான். அண்ணன் தாயிடம், எஞ்சினை ஒருக்கால் பார்க்க வேணும், நானே போறன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு றஜிந்தன் கடலிலும் இறங்கவில்லை, பந்தையும் தொடவில்லை. நீர்வேலிக்கு வந்து மோட்டர் சுற்றப் பழகினான்.

"அம்மாவுக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான் அண்ணை. ஆறு வரியமும் தெரிஞ்சுகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறா."

4

அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கடையின் பின்னறையில் படுத்தான். கட்டார் வேலைக்கென்று முன்பே பதிந்து வைத்திருந்த இடத்துக்கு 'ஓம்' சொல்லிவிட்டு வந்தான். அடுத்த திங்கள் பயணம்.

"நீங்கள் கதை எழுதிறனீங்கள்தானே அண்ணை. மிச்சத்தை அம்மா என்னெண்டு சொல்லியிருப்பா? எழுதித் தாங்கோ."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"வெறுக்கிறா எண்டா நான் போறன். இல்லையெண்டா வீட்டை போறன். எனக்கு அது மட்டும் தெரிஞ்சாக் காணும்."

போய்க் கேளடா என்றேன். "கேட்டா அவ உண்மை சொல்லமாட்டா. எனக்குச் சொல்லமாட்டா. பிரகாஸ் அண்ணைக்குத்தான் சொல்லுவா," என்றான்.

ஆகவே எழுதினேன்.

முடிவு (அ): கத்தரீனா திரும்புகிறா. நிற்பது இளையவன் என்று காண்கிறா. நெத்தலிக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டு, "நீயும் என்ரை பிள்ளைதானே ராசா" என்று...

அனுஜா: "இதை ரீவியிலையே பாக்கலாம்."

முடிவு (ஆ): "என்ரை பிள்ளையைத் திண்டவன் என்ரை வீட்டிலை இருக்கிறான்" என்று கத்தரீனா...

இதை அனுஜா படித்தாள். கடதாசியை மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தாள். பிறகு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

(அ)வை றஜிந்தனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். "வடிவாத்தான் கிடக்கு அண்ணை. ஆனால் இது எங்கடை அம்மா இல்லை. இது உங்கடை அம்மா."

அடி சரியான இடத்தில் விழுந்தது. என் அம்மா அப்படித்தான், எதற்கெடுத்தாலும் கட்டிப்பிடிப்பா.

முடிவு (இ): கத்தரீனா நெத்தலிச் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு

இதற்குமேல் பேனை ஓடவில்லை. மற்றவர்களுக்கு இந்த இடத்தில் கற்பனை வரும். எனக்கு வந்தது வேறொன்று. வண்டி இருக்கிறது, வழி தெரியும், அவ திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் தெரியும்.

"ஒரு பின்னேரத்துக்கு வண்டியைத் தாவன் றஜிந்தன். எழுதிறதுக்கு அந்தப் பாதையாலை ஒருக்கால் ஓடிப் பாக்கவேணும்."

"எங்கடை ஊர்ப்பக்கம் போகாதையுங்கோ அண்ணை," என்றான். "சீச்சீ," என்றேன்.

5

நாலரைக்கு வெளிக்கிட்டேன். அச்சுவேலிப் பக்கத்து ஒழுங்கைகளால் புகுந்து, வீதியை விட்டு இறங்கி, வெளிக்குள் போனேன். மாரி மழைக்கு முந்திய வல்லை. மேலே வெடித்துக் கிடந்தது, அடியில் ஈரம். டயர் தரையைக் கடிப்பது கைப்பிடி வழியாகத் தோள்வரை தெரிந்தது. எஞ்சின் சத்தம் இல்லாதபோது மற்றதெல்லாம் கேட்கத் தொடங்குகிறது. என் மூச்சு. சட்டை காற்றில் அடிபடுவது. எங்கோ தொலைவில் வீதியில் பஸ்.

தண்ணீர் தேங்கிய ஒரு குழியருகே கொக்குகள் நின்றன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். நேரே அவற்றுக்கூடாகப் போனேன். ஒன்றும் பறக்கவில்லை. ஒன்று கூடத் தலையைத் தூக்கவில்லை. அந்த இடத்தால் ஒருவரும் போகாததைப் போல அவை பாட்டுக்கு இரை பொறுக்கின. எனக்குப் பயம் வந்தது. மறைக்கவில்லை, நன்றாகவே வந்தது. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன்.

சேற்றில் என் டயர்த் தடம் நீளமாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு கை எட்டுகிற தூரத்தில், இன்னொரு தடம். அதே பல்லு. நான் வளைந்த இடத்திலெல்லாம் அதுவும் வளைந்திருந்தது.*

*றஜிந்தனின் பழைய தடமாக இருக்கலாம். அவன் அந்த வழியால் வந்து ஒன்பது நாள். நான் போனதற்கு முதல்நாள் ஒரு மழை பெய்தது. நீர்வேலியில் மட்டும்தான் பெய்தது என்கிறாள் அனுஜா. நான் வல்லைக்கும் சேர்த்துப் பெய்ததாக நினைக்கிறேன். இரண்டு பேரும் வல்லையில் அன்று நிற்கவில்லை.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். மனிதனென்றால் திரும்பியிருக்க வேண்டும். (இந்த இடத்தில் ஒரு பந்தி என் மனப்போராட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். போராட்டம் ஒன்றும் நடக்கவில்லை. கையைத் திருப்பினேன், வண்டி போனது.)

6

வளவுக்குள் வண்டியை விட்டு நிறுத்தினேன். றஜிந்தன் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. உள்ளே சத்தமில்லாத ரீவியின் வெளிச்சம் சுவரில் மாறி மாறி விழுந்தது. பின்வாசலில், கடலைப் பார்த்தபடி, நரைத்த கொண்டையோடு ஒரு சிறிய முதுகு. நான் இன்னும் ஓர் அடிகூட வைக்கவில்லை.

"வந்திட்டியே?"

ஐம்பது வருடம் வாயால் பிழைத்தவன் நான். அந்த நேரத்தில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ம்."

அவவின் கை நின்றது. முதுகு மெல்ல நிமிர்ந்தது. திரும்பவில்லை. கடலைப் பார்த்தே கதைத்தா. நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"தம்பியிலை எனக்குக் கோவமில்லை மோனை. முதல் ஒரு கிழமை இருந்தது. அவன்ரை முகத்தைப் பாக்கேலாமல் இருந்தது. பேந்து போட்டுது. பந்தடிக்கப் போறது ஒரு குற்றமே? அவனை நான் எப்பவோ மன்னிச்சிட்டன். ஆனால் அவனுக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நீயும் சொல்லிப்போடாதை."

அலை ஒன்று வந்து போனது.

"உது அவன்ரை நெஞ்சுக்குள்ளை கிடக்கும்வரைக்கும் அவன் கடலிலை இறங்கான். நான் மன்னிச்சிட்டன் எண்டு தெரிஞ்சுதோ, அடுத்தநாள் விடிய வலையைத் தூக்கிக்கொண்டு போயிடுவான். எனக்கு அவனைத் தெரியும். அவனுக்குக் கடலெண்டா உயிர். அவன் குறுகிப்போய்த் திரியிறதைப் பாக்க எனக்கு வயிறு எரியுது. எரிஞ்சாலும் பரவாயில்லை, அவன் கரையிலை இருக்கட்டும். கடலுக்கு ஒண்டைக் குடுத்தாச்சு. காணும்."

கையிலிருந்த நெத்தலியைச் சுளகில் வைத்தா.

"அவனுக்குச் சொல்லமாட்டாய்தானே?"

"ம்," என்றேன்.

கத்தரீனா பெரிய மூச்சு ஒன்று விட்டா. பிறகு மீண்டும் நெத்தலியை எடுத்துக் கிள்ளத் தொடங்கினா. குரலில் ஒரு சின்னச் செல்லக் கோபம் வந்தது.

"நேற்றும் இதைத்தானே கேட்டனான். முந்தநாளும் கேட்டனான். பேசாமல் வந்து பேசாமல் நிண்டிட்டுப் போறாய். ஆறு வரியத்திலை இண்டைக்குத்தான் வாய் திறந்திருக்கிறாய்."

நேற்று வண்டி எங்கள் விறாந்தையில் சார்ஜில் நின்றது. முந்தநாளும் நின்றது. ஒன்பது நாளாக றஜிந்தன் அந்தப் பக்கமே போகவில்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வண்டியைப் பின்னுக்கு உருட்டினேன். வல்லையால் திரும்பவில்லை. பொலிசு மறித்தால் மறிக்கட்டும் என்று பெரிய வீதியால்தான் வந்தேன். வழிநெடுகப் பக்கத்தில் யாரும் வருகிறார்களா என்று பார்க்காமலே ஓடினேன்.

7

இன்று சனிக்கிழமை. இதைப் பகல் முழுவதும் விறாந்தை மேசையிலிருந்து எழுதினேன். கொஞ்ச நேரத்துக்கு முன்பு தலையை நிமிர்த்தினால் முன்னால் றஜிந்தன் நிற்கிறான், வண்டியில் இருந்தபடியே. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை பயணம் என்று சொல்லிக்கொள்ள வந்திருக்கிறான்.

"எழுதி முடிஞ்சுதே அண்ணை?"

"முடிவு மட்டும் இல்லை."

மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நீங்கள் அங்கை போனனீங்களோ?" என்று கேட்டான். நான் பேனையின் மூடியைத் தேடினேன். அதுவே மறுமொழி என்று அவனுக்கு விளங்கியது. கோபப்படவில்லை. முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. "அம்மா என்ன சொன்னவா?"

சொன்னால் அவன் இன்றே வீட்டுக்குப் போவான். நாளைக்கோ மறுநாளோ கடலிலும் இறங்குவான். கத்தரீனா ஆறு வருடம் வயிறு எரிந்து கட்டிக் காத்தது ஒரு நிமிடத்தில் போகும். சொல்லாவிட்டால் அவன் கட்டாருக்குப் போவான், தாய் தன்னை வெறுக்கிறா என்ற நினைப்போடு. அவ இரண்டு பேருக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பா. அவவுக்கு இந்தப் பயணம் பற்றியே தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா? அதையும் நான் கேட்காமல் வந்துவிட்டேன், பயந்தாங்கொள்ளி.

பிறகு அந்த வாக்கு. அது நான் கொடுத்ததா? அவ கேட்டது பிரகாஸிடம். நேற்றும் முந்தநாளும் பேசாமல் நின்றவன் ஏன் பேசவில்லை? சொல்லமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு மனமில்லையோ? தம்பிக்குத் தெரியட்டும் என்று அவன் நினைத்திருந்தால்? அப்படியென்றால் நான் செத்தவனின் வாயாலும் பொய் சொல்லியிருக்கிறேன்.

"இரு றஜிந்தன், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்," என்று எழுந்து உள்ளே வந்தேன்.

இந்தக் கடைசி வரிகளைக் குசினியில், கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அனுஜா அடுப்படியில் நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்:

"கடதாசியளைக் கவிட்டு வைச்சனீங்களோ, நிமித்தி வைச்சனீங்களோ?"

நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

தண்ணீர் கொதித்துவிட்டது. காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். வேறு வண்டியென்றால் எங்கள் படலையைத் தாண்டி இடப்பக்கம் வீட்டுக்குத் திரும்புகிறானா, வலப்பக்கம் கடைக்குத் திரும்புகிறானா என்று இங்கே நின்றே சொல்லியிருப்பேன். இதில் ஒன்றும் கேட்காது. போய்விட்டானா, இன்னும் மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறானா, அதுவும் தெரியவில்லை. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மேசையிலுள்ள தாள்களை வாசிக்கிற நீங்கள் விறாந்தையில்தான் நிற்கிறீர்கள். பாருங்கள், அவன் அங்கே இருக்கிறானா?